காப்புக் கட்டிய ஓடை

அந்தக் கம்பை நகர்த்தியது யார்?

மகளுக்குத் தலை வாரி இழுக்கும்போது, அரிசி களையும்போது, பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது, எந்த நேரத்திலும் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. சில நாள் விடை கிடைத்துவிட்டது என்று நினைப்பேன். சோறு வடித்து முடிவதற்குள் அந்த விடைக்கு எதிரான ஏதோ ஒன்று ஞாபகம் வரும். எங்கள் வளவில் நான் சந்தேகிக்காத ஒரே ஆள் என் மூன்று வயது மகள்தான்.

பெயர்கள் எதையும் நான் இதில் எழுதவில்லை. காரணத்தை இந்தக் காலத்தில் இங்கே இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஓடையின் பெயரையும் விட்டுவிட்டேன். பனிச்சங்கேணிப் பக்கம் களப்பில், கடலோடு சேரும் அந்த உப்பு ஏரியில், வந்து விழும் ஓடைகள் பல. அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அம்மாவும் பெரியம்மாவும் ஒரே வளவைப் பிரித்து எடுத்தார்கள். அம்மாவின் வீடு எனக்கு வந்தது, பெரியம்மாவின் வீடு அவருடைய மகளுக்குப் போனது. அவரைத்தான் நான் அக்கா என்கிறேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி, அதில் ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு. அந்தப் பொட்டு வழியாகத்தான் கறி, நெருப்பு, பிள்ளை, சண்டை எல்லாம் போய்வரும். என் கணவர் வாகரையிலிருந்து கல்யாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். தோணியில் போய் இறால் பிடிப்பவர். அக்காவின் கணவர் ஒருநாள் ஓட்டமாவடிக்கு வலைநூல் வாங்கப் போனார், திரும்பி வரவில்லை. அக்கா போய்க் கேட்காத முகாம் இல்லை. பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு நண்டு பிடிக்கவும் விறகு பொறுக்கவும் தொடங்கினார்.

ஓடை எங்கள் வளவுக்குப் பின்னால் ஓடுகிறது. வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியில் விழுகிற மழைத்தண்ணீர் முழுவதும் அதன் வழியாகத்தான் களப்பில் சேரும். முன்பு அதன் இரண்டு கரையிலும் கண்டலும் கிண்ணையும், உப்புச் சேற்றில் வேர் ஊன்றும் அந்த மரங்கள், அடர்ந்து கிடந்தன. பாலத்தடியில் முகாம் வந்ததும் பார்வைக்கு மறைக்கிறது என்று இராணுவம் அவற்றை வெட்டியது. வேர் போனதும் கரை இடிந்தது. கரை இடிந்ததும் களப்பின் உப்புத் தண்ணீர் ஓடை வழியாக வட்டைக்குள் ஏறியது. இறால் குஞ்சுகளுக்கு ஒதுங்க இடமில்லாமல் போனது. என் கணவர் விடிய விடிய இருந்துவிட்டு வெறும் தோணியைத் தள்ளிக்கொண்டு வருவார். அவர் முகத்தைப் பார்த்தே நான் உலையில் அரிசியைக் குறைப்பேன்.

பட்டணத்திலிருந்து ஒரு உதவி நிறுவனத்து மிஸ் வந்து எங்கள் மாதர் சங்கத்துக்குக் கண்டல் நடுவது எப்படி என்று காட்டித் தந்தார். முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும் கண்டல் காய்களைப் பொறுக்கி, பைகளில் சேறு நிரப்பி, குத்திவைத்து வளர்க்க வேண்டும். இராணுவம் பாதையைப் பூட்டியதும் அவர் வருவது நின்றுபோனது. கன்றுகள் மட்டும் எங்கள் வேலியோரம் நின்றன. அவற்றை என்ன செய்வது? நட்டோம். நட்டதில் பாதியைத் தோணியை ஊன்றித் தள்ளும் தாங்குகம்புகள் குத்திக் கொன்றன, மீதியைக் கரப்புப் போட்டு மீன் பிடித்தவர்கள் மிதித்தார்கள். உள்ளே வரவேண்டாம் என்று பலகை எழுதி வைத்தோம். அந்தப் பலகை பிறகு யாரோ ஒருவருடைய கோழிக்கூட்டுக்குக் கதவாயிற்று.

சங்கத்தின் செயலாளர் நான். உயர்தரம் வரை படித்தவள் என்பதால் அந்தப் பதவியை என் தலையில் கட்டியிருந்தார்கள். கூட்டத்தில் என் வாயிலிருந்துதான் அந்த யோசனை வந்தது. வைகாசியில் எங்கள் அம்மன் கோயில் சடங்கு தொடங்கும்போது காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டிவிட்டால் சடங்கு முடியும்வரை ஊருக்குள் மீன் சமைக்கமாட்டார்கள், பச்சை மரத்தில் கத்தி வைக்கமாட்டார்கள். எதற்கும் கட்டுப்படாத ஆள்கூட அதற்குக் கட்டுப்படுவார். கோயிலில் காப்பாகக் கட்டும் அதே மஞ்சள் சீலைத் துண்டைக் கம்புகளில் கட்டி ஓடையைச் சுற்றி நட்டால் என்ன என்று கேட்டேன்.

சங்கத் தலைவிக்கு முகம் ஒரு மாதிரியாகப் போனது. "படிச்ச புள்ள சொல்லுது, சரிதான். ஆனா அம்மன்ட காப்பச் சேத்துக்குள்ளயா கட்டுறது?"

"கட்டினாத்தான் என்ன," என்றார் அக்கா. "வருசம் முழுக்கக் கோயிலுக்குள்ள நிண்டு அம்மனுக்கும் புழுக்கமாத்தான் இருக்கும். கால் நனையட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்துக்கு வந்திருந்த கோயில் பூசாரியார் சிரிக்கவில்லை. ஆனால் அவருக்கும் வட்டையில் உப்பு ஏறிய ஒரு துண்டு வயல் இருந்தது. யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். அடுத்த சடங்கு வரைக்கும் ஓடைக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது, விறகு எடுக்கக் கூடாது என்று கோயில் முன்னால் சொன்னார். மஞ்சள் அரைத்துப் பழைய சீலைகளை நனைத்துக் காயவைத்தோம். ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஒரு கம்பில் கட்டி நட்டாள். காற்றில் அந்தத் துண்டுகள் ஆடியது பார்க்க நன்றாக இருந்தது. அப்போது அது யாருடைய கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று நான் நினைக்கவில்லை.

ஊர் கட்டுப்பட்டது. அது உண்மை. ஓடையோடு பிழைத்தவர்கள்கூட வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவதை விட்டார்கள். அக்காவுக்குத்தான் அதிக நட்டம். அவருடைய நண்டு வளைகள் எல்லாம் காப்புக்குள் அகப்பட்டுவிட்டன. அவர் முணுமுணுக்கவில்லை. முணுமுணுக்காததைத்தான் பிறகு நான் யோசித்தேன்.

இராணுவம் ஒரு காலை நேரத்தில் வந்தது. பாலத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும்? தண்ணீருக்குள் ஒழுங்காக நட்ட கம்புகள், ஒவ்வொன்றிலும் ஒரே நிறத்தில் ஒரு துண்டு. தமிழ் கொஞ்சம் பேசத் தெரிந்த ஒரு சிப்பாய் முன்னால் வந்தான்.

"அம்மா, இது யாருக்கு சிக்னல்?"

"சாமிக்கு," என்றார் அக்கா.

"சாமி எந்தப் பக்கம் இருந்து வாறது? காட்டுல இருந்தா?"

"காட்டுல என்னத்துக்குச் சாமி இருக்கு. கோயில்ல இருக்கு. வந்து பாருங்க தம்பி, அங்கயும் இதே சீலதான் கட்டிக் கிடக்கு."

போய்ப் பார்த்தார்கள். பூசாரியாரைக் கேட்டார்கள். திரும்பி வந்து, பின்னால் நின்ற அதிகாரி சிங்களத்தில் சொன்னதை அந்தச் சிப்பாய் எங்களுக்குச் சொன்னான். கம்புகள் இருக்கலாம். ஆனால் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும். அவர்கள் பாலத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"ஒரு கம்பு அசைஞ்சா, கிட்ட இருக்கிற வீட்டு ஆம்பிள முகாமுக்கு வந்து பதில் சொல்லோணும். விளங்குதா?"

கிட்ட இருக்கிற வீடுகள் இரண்டு. அதில் ஆம்பிளை இருக்கிற வீடு ஒன்று.

இராணுவத்தின் கையில் அகப்பட்ட ஆம்பிளைகள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாலே எனக்குத் தெரியும். சிப்பாய்கள் போனதும் எல்லாக் கம்பையும் பிடுங்கிவிடுவோம் என்று கணவரிடம் சொன்னேன்.

"பிடுங்கினா, ஏன் பிடுங்கின எண்டு கேப்பான்," என்றார் அவர். "நட்டாலும் கேள்வி, பிடுங்கினாலும் கேள்வி. சும்மா இரு புள்ள. கம்புக்குக் காலா இருக்கு?"

அன்றிலிருந்து காலையில் நான் எழுந்ததும் செய்யும் முதல் வேலை ஓடையைப் பார்ப்பதுதான். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்படலையைத் திறந்து வரிசையைப் பார்ப்பேன். எது சாய்ந்தது, எது நிமிர்ந்தது, எந்தத் துண்டில் நிறம் போயிற்று என்று எல்லாம் பாடமாகிவிட்டது. கச்சான் காற்றுக் காலத்தில் துண்டுகள் கிழிந்தன, ஆனால் கம்புகள் அசையவில்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

காற்று விழுந்த பிறகு ஒருநாள், ஓடை வாயில் நின்ற ஒரு கம்பு தள்ளி நின்றது. விழுந்து கிடக்கவில்லை. பிடுங்கி, கொஞ்சம் தள்ளி, நேராக நட்டிருந்தது. பக்கத்துக் கம்புக்கும் அதற்கும் நடுவில் ஒரு தோணி நுழைந்து போகலாம். நான் மகளைக் கரையில் இருத்திவிட்டு, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, அதைப் பழைய இடத்தில் நட்டேன். காப்புக்குள் கால் வைத்தது நான்தான் முதலில் என்று நினைத்தபடியே கால் கழுவினேன். முதலில் என்பதும் பொய்தானே. எனக்கு முன்னால் ஒருவர் வைத்திருக்கிறார்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் அதே கம்பு. மறுபடியும் நான் நட்டேன். கணவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே அப்போது தெரியவில்லை.

முதலில் அக்காவைத்தான் நினைத்தேன். அவருடைய குசினியிலிருந்து வந்த புகையில் கண்டல் விறகின் மணம் இருந்தது. அந்த விறகு எரியும்போது வருகிற மணம் எங்களுக்குத் தெரியும், வேறு எதனோடும் மாறாது. பொட்டு வழியாகத் தலையை நீட்டினேன்.

"என்ன விறகு அக்கா எரிக்கிறாய்?"

"அவங்கள் வெட்டிப் போட்ட மரம். களப்பில ஊறிக் கிடந்து இப்ப ஒதுங்குது. ஏன், உனக்கும் வேணுமா?"

"இல்ல, சும்மா கேட்டன்."

"சும்மா கேக்கிற முகமா இது? செயலாளர் முகமா எல்லோ கிடக்கு."

இன்னொரு நாள் ஒரு சட்டியில் நண்டுக் கறி கொண்டுவந்தார், மகளுக்கு என்று. பெரிய சேற்று நண்டு. எங்கே பிடித்தது என்று கேட்டேன். பாலத்துக்கு அங்கால் என்றார். பாலத்துக்கு அங்கால் போக வேண்டுமென்றால் காவலரணில் அடையாள அட்டை காட்ட வேண்டும், கூடையைக் கிளறுவார்கள், போய்வர மத்தியானமாகும். அவர் அன்று காலையில் வளவு கூட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். முதல்நாள் பிடித்திருக்கலாம். நண்டு ஒருநாள் உயிரோடு கிடக்கும். மகள் நண்டுக்காலைச் சூப்பிக்கொண்டிருந்தாள். நான் தொடவில்லை. பிறகு, அவர் கொண்டுவந்ததைத் தொடாமல் விட்டது அவருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்று பயந்து, சட்டியை நன்றாகக் கழுவிக் கொடுத்தேன்.

பிறகு கணவரை நினைத்தேன். அதை எழுதவே கை கூசுகிறது. அவர் கொண்டுபோகும் சோற்றுப் பார்சலைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டச் சொன்னார்.

"இப்ப கனக்கத் திங்கிறீங்க போல."

"தோணித் தண்டு வலிச்சா பசிக்காதா? நீ வந்து வலிச்சுப் பாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் களப்பின் அக்கரையில் காடு இருக்கிறது. காட்டுக்குள் இயக்கத்து ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சோறும் சாமானும் தோணியில்தான் போகின்றன என்று எல்லோரும் சொல்வார்கள். யார் கொண்டுபோகிறார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரவில் எங்கள் ஓடைக்குள் நுழைந்து, வட்டையின் மறுபக்கத்தில் சாமான் ஏற்றிக்கொண்டு, பாலத்திலிருந்து தெரியாமல் அக்கரைக்குப் போய்விடலாம். அப்படிச் சோறு கொண்டுபோகும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தலாம். கட்டாயப்படுத்தினால் அவர் மனைவியிடம் சொல்லமாட்டார். அவர் கால் நகத்தில் ஓடையின் கறுப்புச் சேறு இருந்ததைக் கண்டேன். பிறகு என் கால் நகத்தையும் பார்த்தேன். அதே சேறு.

கம்பில் சீலை கட்டியிருந்த முடிச்சையும் பார்த்தேன். நாங்கள் கட்டியபோது சாதாரண இரட்டை முடிச்சு. மூன்றாம் தரம் நகர்ந்தபோது துண்டு அவிழ்ந்து திரும்பக் கட்டப்பட்டிருந்தது, வலை பின்னுகிற முடிச்சால். இதோ பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். வலை முடிச்சு என் கணவருக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும், அவர் புருஷனுக்கு வலை பொத்திக் கொடுத்தவர். எனக்கும் தெரியும். பூசாரியாருக்கும் தெரியும். எங்கள் ஊரில் அந்த முடிச்சுத் தெரியாதவர்கள் பாலத்தடி முகாமில்தான் இருக்கிறார்கள். அங்கேயும் கடற்கரை ஊரில் பிறந்த பிள்ளைகள் இல்லாமலா இருப்பார்கள்?

அதனால் ஒரு சோதனை வைத்தேன். வெள்ளிக்கிழமை பூசாரியார் காப்புப் பார்க்க வருகிறார் என்று அக்காவிடம் சொன்னேன். திங்கட்கிழமை வருகிறார் என்று கணவரிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை கம்பு ஒழுங்காக நின்று திங்கட்கிழமை தள்ளி நின்றால் அக்கா, வெள்ளிக்கிழமை தள்ளி நின்று திங்கட்கிழமை ஒழுங்காக நின்றால் இவர். படித்த மூளை அப்படித்தான் கணக்குப் போட்டது.

வெள்ளிக்கிழமை அக்கா முழுகி, தலைமயிரை உலர்த்தி, ஒரு தட்டில் வெற்றிலையும் பாக்கும் எடுத்துக்கொண்டு பொட்டு வழியாக வந்து நின்றார்.

"எங்க புள்ள பூசாரியார்?"

"வரேல்ல போல."

"போல எண்டா? வாறன் எண்டு சொன்ன மனிசன் எங்க போச்சு? வெத்தில வாடுது."

திங்கட்கிழமை என் கணவர் தொழிலுக்குப் போகாமல் வேட்டி கட்டிக்கொண்டு வாசலைக் கூட்டினார். கம்புகள் வெள்ளியும் நேராக நின்றன, திங்களும் நேராக நின்றன. புதன்கிழமை அந்தக் கம்பு தள்ளி நின்றது. இரண்டு பேரும் அதற்குள் பேசிக்கொண்டு என் பொய்யைக் கண்டுபிடித்தார்களா, இரண்டு பேருக்கும் அதில் சம்பந்தமே இல்லையா? பூசாரியார் வருகிறார் என்பது ஊர் முழுக்கப் பரவியிருக்கலாம். அக்காவின் வாய் சும்மா இருக்காது.

அந்தப் புதன்கிழமை கம்பை நான் திரும்ப நட்டேன். ஆனால் அடுத்த தரம் நடுவதற்கு எனக்கு நேரம் கிடைக்கவில்லை. மகளுக்குக் காய்ச்சல். விடியும்போது ஈரச்சீலை போட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே இருந்துவிட்டேன், ஓடைப் பக்கம் போகவில்லை. வெயில் ஏறியபோது வளவுக்குள் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

"கம்பு நடந்திருக்கு," என்றான் அந்தச் சிப்பாய். "ஐயா வாங்க. பெரியவர் கதைக்கோணுமாம்."

என் கணவர் சேர்ட்டைத் தேடி எடுத்துப் போட்டார். பொத்தானைத் தவறான துளையில் பூட்டிக்கொண்டு போனார். நான் பிள்ளையைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பாலத்தடிக் காவலரணுக்கு அப்பால் என்னை விடவில்லை. வெயிலில் நின்றேன். பிள்ளையின் உடம்பு என் தோளில் அடுப்புக் கல் போலச் சுட்டது. உள்ளே போனவர் வெளியே வரவில்லை. சங்கத் தலைவி வந்தார், கொஞ்ச நேரம் நின்றார், பூசாரியாரைக் கூட்டி வருகிறேன் என்று போனார், அவரும் வரவில்லை. கிராம சேவகரிடம் போகச் சொல்லி யாரோ சொன்னார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போவதா, இங்கே நிற்பதா, நான் போன நேரத்தில் அவரை வேறு எங்காவது ஏற்றிக்கொண்டு போனால் என்ன செய்வது என்று நின்ற இடத்திலேயே நின்றேன்.

அக்கா வந்தார். பிள்ளையின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டிக் காவலரணுக்குப் போனார். அந்த வாசல் அவருக்குப் புதிதில்லை. புருஷனைத் தேடி எத்தனையோ நாள் நின்ற வாசல்.

"தம்பி, கம்பத் தள்ளினது நான்தான்," என்றார். சத்தமாகச் சொன்னார், எனக்கும் கேட்கிற மாதிரி. "மட்டி எடுக்கப் போனன். கூடையோட நுழைய வழியில்ல. பிடுங்கித் தள்ளி நட்டன். அந்த மனிசனுக்கு ஒண்டும் தெரியாது."

அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.

என் கணவர் பின்னேரம் வெளியே வந்தார். அடித்த தடயம் வெளியே தெரியவில்லை. தண்ணீர் கேட்டார். அக்கா பொழுதுபடுகிற நேரத்தில் வந்தார். நான் வேலியடியில் நின்றேன்.

"புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் களப்புக் கரைக்கே வரக்கூடாது என்று முகாம் சொல்லிவிட்டது. நண்டும் இல்லை, விறகும் இல்லை. இன்றைக்கும் இல்லை. இப்போது அவர் பாய் இழைத்து விற்கிறார். நான் தினமும் ஒரு கோப்பை சோறு பொட்டு வழியாகக் கொடுக்கிறேன். அவர் வாங்கிக்கொள்கிறார்.

நீங்கள் நினைக்கலாம், விடை கிடைத்துவிட்டதே என்று. எங்கள் ஓடையில் மட்டிச் சிப்பி கிடையாது. அது சேற்று ஓடை. மட்டி மணல் அடியில்தான் இருக்கும், முகத்துவாரப் பக்கம் போக வேண்டும். முகாமில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். அப்படியானால் அக்கா சொன்னது பொய். என் கணவரைக் காப்பாற்றச் சொன்ன பொய்யா? நண்டு பிடிக்கப் போனேன் என்று சொன்னால் காப்புக்குள் நண்டு திருடியவள் என்று ஊர் சொல்லும் என்பதால் நண்டுக்குப் பதிலாக மட்டி என்று மாற்றிச் சொன்னாரா? முதலாவது என்றால் நான் அவர் காலில் விழ வேண்டும். இரண்டாவது என்றால் என் புருஷனை அந்த வாசலுக்கு அனுப்பியதே அவர்தான்.

ஒருநாள் வேலியடியில் அவர் பாய் இழைக்கும் பன்புல்லைக் கிழித்துக்கொண்டிருந்தபோது கேட்டுப் பார்த்தேன்.

"அண்டைக்கு மட்டி எடுக்கப் போனன் எண்டு சொன்னாய் அக்கா."

"ஓம், சொன்னன்."

"போனியா?"

"ஆள் வந்துட்டார்தானே. மறுகா என்னத்துக்குக் கேள்வி? படிச்ச ஆக்களுக்கு வேற வேலை இல்லையா?"

பன்னின் கூர் விரலில் கீறியது போல, விரலைச் சூப்பிக்கொண்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கணவரிடமும் கேட்டேன். அவர் பட்டணத்தை ஒட்டிய நாவற்குடாவுக்குப் புறப்படுவதற்கு முந்திய நாள். அங்கே என் சித்தப்பாவின் தச்சுப் பட்டறையில் அவருக்கு வேலை ஒழுங்கு செய்திருந்தோம். பாலத்தடியில் அவரைத் தெரிந்த கண்கள் இருக்கும்வரை அவர் இங்கே இருப்பது சரியில்லை என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன்.

"அந்த ஓடைக்குள்ள நீங்க தோணி விட்டீங்களா?"

சேர்ட்டை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னை அப்பிடி நினைக்கிறயா நீ?"

அது பதில் இல்லை. பதில் இல்லை என்பது அவர் பஸ் ஏறிப் போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

அவர் போன பிறகு கம்புகள் ஒருநாளும் அசையவில்லை. அப்படியானால் அவர்தான் என்று ஒரு மனம் சொல்கிறது. ஆனால் அக்காவைக் கரைக்கு வரவேண்டாம் என்று தடுத்ததும் அதே கிழமைதான். அப்படியானால் அக்காதான் என்று இன்னொரு மனம் சொல்கிறது. முகாமுக்கு ஆள் போய்வந்த கதை பரவியதும் வேறு யாரோ பயந்து வழியை மாற்றியிருக்கவும் கூடும். ஒரு ஆளைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக முகாமே ஒரு கம்பை நகர்த்தியிருக்கலாம் என்று தலைவி ஒருநாள் என் காதுக்குள் சொன்னார். சொல்லிவிட்டு, தான் சொன்னதாக யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். அவர் ஏன் அதை என்னிடம் சொன்னார் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

இவ்வளவுக்கும் நடுவில் கண்டல்கள் பிழைத்துவிட்டன. அதையும் எழுத வேண்டும். மாரியில் வட்டைத் தண்ணீர் முழுவதும் அடித்துக்கொண்டு வந்தபோது கரை இடியவில்லை. இப்போது கன்றுகள் என் இடுப்பளவு நிற்கின்றன. தண்ணீர் தெளிந்திருக்கும் காலையில் வேர்களுக்குள் இறால் குஞ்சுகள் தெறிப்பதை மகளுக்குக் காட்டுகிறேன். அவள் கைதட்டுகிறாள். பூசாரியாரின் வயலில் இந்தப் போகம் நெல் விளைந்தது. இந்த வைகாசியிலும் காப்புக் கட்ட வேண்டும் என்று சங்கம் தீர்மானித்துவிட்டது. தலைவி முகாமுக்குப் போய்க் கேட்டார். அனுமதி கிடைத்தது. நிபந்தனை பழையதுதான். கிட்ட இருக்கிற வீட்டு ஆம்பிள பதில் சொல்ல வேண்டும்.

போன கிழமை பட்டணத்திலிருந்து பஸ்ஸில் வந்த மாமி ஒருத்தியிடம் என் கணவர் சொல்லி அனுப்பியிருந்தார். சடங்குக்கு வருகிறாராம். வந்தால் பிறகு போகமாட்டாராம். மரத்தூள் மூச்சில் ஏறுகிறதாம், மகள் தன் முகத்தை மறந்துவிடுவாள் என்று பயமாக இருக்கிறதாம். வரட்டுமா என்று கேட்டிருந்தார். தன் மனைவியின் வீட்டுக்கு வருவதற்கு ஒரு மனிதர் அனுமதி கேட்கிறார். பிறகு சொல்கிறேன் என்று மாமியிடம் சொல்லிவிட்டேன்.

"வரச் சொல்லன்," என்றார் அக்கா பொட்டு வழியாக. "எத்தின நாளைக்குத் தனியக் கிடப்பாய்?"

அவர் அதை நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். தனியாகக் கிடப்பது என்ன என்று அவரை விடத் தெரிந்தவர் யார்? ஆனாலும், இவர் வருவதில் அக்காவுக்கு என்ன அவசரம் என்று என் மனம் கேட்டது. இப்படிக் கேட்கிற மனதோடு ஒரு பிள்ளையை வளர்ப்பது எப்படி என்றும் தெரியவில்லை.

கம்பை நகர்த்தியது அக்கா என்றால் என் கணவர் வரலாம், அக்கா இனிக் கரைக்குப் போவதில்லை. கணவரே என்றால் வரக்கூடாது, வந்தால் அந்தத் தோணிக்கு மறுபடியும் வழி தேவைப்படும். வேறு யாரோ என்றால் அடுத்த கம்பு எப்போது அசையும் என்று யாருக்கும் தெரியாது, அசைந்தால் போகப்போவது அவர். அல்லது காப்பே கட்ட வேண்டாம் என்று நான் சங்கத்தில் எழுந்து சொல்லலாம். சொன்னால் தோணிகள் உள்ளே வரும், அடுத்த மாரியில் கரை போகும், கரையோடு வட்டையும் போகும்.

இதை வாசிப்பவர்களில் புருஷனைத் தூரத்தில் வைத்துக்கொண்டு வீட்டைக் காத்த பெண்கள் இருப்பீர்கள். கூட இருந்தவரைச் சந்தேகித்து, பிறகு அந்தச் சந்தேகத்தோடேயே ஒரே பானையில் சமைத்தவர்களும் இருப்பீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். வைகாசிக்கு இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது. மாமி பஸ்ஸில் போகும்போதெல்லாம் என்ன சொல்ல என்று என் முகத்தைப் பார்க்கிறாள். அவரை வரச் சொல்லட்டுமா, வேண்டாமா? என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்லி அனுப்புவீர்கள் என்று எழுதுங்கள். காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். பெயர் போட வேண்டாம்.